ஆறாத கால் புண்ணுக்கு வீட்டில் கட்டுப் போடுகிறவர்களுக்கு

அப்பாவுக்கோ அப்பத்தாவுக்கோ கால் விரலில் சின்னதாக ஒரு புண். இரண்டு வாரமாகியும் ஆறவில்லை. தெருமுனை கிளினிக்கில் ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்றுகிறார்கள், ஆன்டிபயாடிக் ஒரு கோர்ஸ் முடிந்துவிட்டது, புண் வந்த இடத்திலேயே நிற்கிறது. பார்க்க வருகிறவர்கள் "சர்க்கரைப் புண்ணுன்னா அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். இப்படி ஒரு வீட்டில் கட்டுப் போடும் வேலை யாரிடம் வந்து சேர்ந்திருக்கிறதோ, அவருக்காக இதை எழுதுகிறேன். பெரும்பாலும் அது மகளாகவோ மருமகளாகவோ இருக்கும்.

முதலில் மனதில் பதிய வேண்டியது இது: புண்ணை ஆற்றுவது ரத்தம். களிம்பும் கட்டும் அதற்கு உதவி மட்டுமே செய்யும். மேலூர்ப் பக்கம் கடைமடை வயலுக்குத் தண்ணீர் வந்து சேராத வருடத்தில் எத்தனை மூட்டை உரம் போட்டாலும் பயிர் எழும்பாது. காலுக்கு வரும் ரத்தக்குழாய் அடைபட்டிருந்தால் விலை உயர்ந்த களிம்பின் கதையும் அதுதான். அதனால் எந்தக் கட்டு, எந்த மருந்து என்று கேட்பதற்கு முன்னால் "இந்தக் காலுக்கு ரத்தம் வருகிறதா?" என்று கேட்க வேண்டும். புண் ஆறாமல் நிற்கும் பல வீடுகளில் இந்த ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ரத்த ஓட்டம் குறைந்திருக்கிறதா என்று பார்ப்பது

கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கிறதா, நின்றால் இரண்டு மூன்று நிமிடத்தில் விடுகிறதா என்று கேளுங்கள். பஸ் ஸ்டாப்புக்குப் போகும் வழியில் ஒவ்வொரு கடைவாசலிலும் நின்று போகிறவர்கள் இருக்கிறார்கள். வயசாகிவிட்டது என்று நினைத்து வீட்டில் அதைச் சொல்லவே மாட்டார்கள். இன்னும் முற்றிய நிலையில், ராத்திரி படுத்தால் பாதமும் விரலும் கடுக்கும். காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கப் போட்டால்தான் கொஞ்சம் தூங்க முடியும். அப்படித் தொங்கப் போட்டுத் தூங்குகிறவர் உங்கள் வீட்டில் இருந்தால் இந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள்.

அடுத்து காலைத் தொட்டுப் பாருங்கள். ஒரு கால் மற்றதைவிடச் சில்லென்று இருக்கும். தோல் மெலிந்து பளபளக்கும், கெண்டைக்காலில் முடி உதிர்ந்திருக்கும், நகம் தடித்திருக்கும். படுக்க வைத்துக் காலை ஒரு நிமிடம் உயர்த்திப் பிடித்தால் உள்ளங்கால் வெளுக்கும். உட்காரவைத்துத் தொங்கவிட்டால் கருஞ்சிவப்பாக மாறும். நம் நிறத்துக்குப் புறங்காலில் இது தெளிவாகத் தெரியாது, உள்ளங்காலைத்தான் பார்க்க வேண்டும். பிறகு பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவிலிருந்து புறங்காலில் மேலே வந்தால் ஒரு நாடி துடிக்கும். உட்புறக் கணுக்கால் எலும்புக்குப் பின்னால் இன்னொன்று. இரண்டும் கிடைக்கவில்லை என்றால் சந்தேகம் வலுக்கிறது. புறங்கால் நாடி மட்டும் சிலருக்குப் பிறவியிலேயே தட்டுப்படாது, அதை வைத்துப் பயப்பட வேண்டாம்.

சர்க்கரை இருப்பவர்களிடம் ஒரு சிக்கல் உண்டு. நரம்பு மரத்துப்போயிருந்தால் வலியே தெரியாது. "வலி இல்லை, அதனால் பரவாயில்லை" என்று அவர்கள் சொல்வதை ஏற்கக் கூடாது. வலியில்லாத புண்ணை இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும்.

தமனியா, சிரையா

கால் புண் எல்லாம் ஒரே வகை இல்லை. இதயத்திலிருந்து காலுக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய் தமனி, அந்த ரத்தத்தைத் திரும்ப மேலே கொண்டுபோகும் குழாய் சிரை. இரண்டில் எது கெட்டாலும் புண் வரும். இதைப் பிரித்துத் தெரிந்துகொள்ளாமல் கட்டுப் போட்டால் கெடுதல் வரும்.

தமனி அடைப்பில் வரும் புண் பெரும்பாலும் விரல் நுனி, விரல் இடுக்கு, குதிகால், வெளிப்புறக் கணுக்கால் ஆகிய இடங்களில் வரும். ஓரம் வெட்டி எடுத்தாற்போல இருக்கும், அடிப்பகுதி வெளிறியோ கருத்தோ இருக்கும், நீர் அதிகம் வடியாது. சிரைக் கோளாறில், அதாவது கால் நரம்பு சுருட்டிக்கொள்ளும் வெரிகோஸில் வரும் புண், உட்புறக் கணுக்காலுக்குச் சற்று மேலே அகலமாகப் பரவும். சுற்றியுள்ள தோல் பழுப்பாகவோ கருப்பாகவோ மாறியிருக்கும், கால் வீங்கும், நீர் நிறைய வடியும். நாள் முழுக்க நின்று வேலை பார்க்கும் ஹோட்டல் மாஸ்டர்களுக்கும் ஜவுளிக்கடைப் பெண்களுக்கும் இது அதிகம். (கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத் திருத்தமே வந்தது. உங்கள் வீட்டுப் பெண் வேலை பார்க்கும் கடையில் அது இல்லையென்றால் கேட்கச் சொல்லுங்கள்.)

சிரைப் புண்ணுக்குக் காலை உயர்த்தி வைப்பதும் இறுக்கமான அழுத்தக் கட்டும்தான் முக்கியமான வைத்தியம். தமனிப் புண்ணுக்கு இரண்டுமே ஆகாது. வரும் கொஞ்ச ரத்தத்தையும் இறுக்கக் கட்டு நிறுத்திவிடும். ஒரே ராத்திரியில் விரல் கருத்துப்போகலாம். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிரேப் பேண்டேஜில் குணமானது என்று கேட்டு நாமும் வாங்கிச் சுற்றக் கூடாது. சிலருக்கு இரண்டு கோளாறும் சேர்ந்தே இருக்கும், அங்கே எவ்வளவு அழுத்தலாம் என்பதைப் பரிசோதனை முடிவை வைத்து மருத்துவர்தான் சொல்ல முடியும்.

எங்கே போவது, என்ன கேட்பது

கேட்க வேண்டிய பரிசோதனையின் பெயர் ஏ.பி.ஐ. (ஆங்கிள் பிரேக்கியல் இண்டெக்ஸ்). கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தம் பார்த்து, கணுக்கால் அளவைக் கை அளவால் வகுப்பார்கள். ரத்தம் ஓடும் சத்தத்தைக் கேட்கவைக்கும், பேனா மாதிரி ஒரு டாப்ளர் கருவி போதும், வலி கிடையாது. விடை 1-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. 0.9-க்குக் கீழே வந்தால் அடைப்பு இருக்கிறது. 0.5-க்குக் கீழே என்றால் கடுமையான அடைப்பு, புண் தானாக ஆறும் என்று காத்திருக்க முடியாது. சர்க்கரை நோயாளிகளுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து இறுகியிருப்பதால் இந்த எண் 1.4-க்கு மேலே போகலாம். அதைப் பார்த்து நல்ல ரத்த ஓட்டம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கால் விரலில் அழுத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், அல்லது டாப்ளர் ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள்.

மதுரையில் கோரிப்பாளையம் பக்கம் பனகல் சாலையில் இருக்கும் அரசு இராசாசி மருத்துவமனையில், நம் ஊர்க்காரர்கள் சொல்லும் பெரிய ஆஸ்பத்திரியில், ரத்தநாள அறுவைச் சிகிச்சைக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி என்று எங்கிருந்து வந்தாலும் காலையிலேயே ஓ.பி. சீட்டு வாங்கிவிடுகிற மாதிரி கிளம்புங்கள். பழைய சீட்டுகள், மாத்திரை அட்டைகள், கடைசியாக எடுத்த சர்க்கரை அளவு எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும்.

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை கிடைக்கும். வருடத்துக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை. வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதாருடன் கலெக்டர் ஆபீசில் இருக்கும் காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போக வேண்டும். ஆஞ்சியோ என்று மருத்துவர் சொன்ன அன்றைக்கு ஓடுவதைவிட, புண் சின்னதாக இருக்கும்போதே வாங்கி வைப்பது எவ்வளவோ மேல். சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்கென்றே ‘பாதம் பாதுகாப்போம்’ என்று தமிழக அரசு ஒரு திட்டம் வைத்திருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர் பிரஷர், சர்க்கரை மாத்திரையோடு வீட்டுக்கு வரும்போது காலையும் காட்டுங்கள், கேட்காவிட்டாலும் காட்டுங்கள்.

இன்னொன்று. "விரலை எடுத்துவிட்டால் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால், சீழ் ஏறி உயிருக்கே ஆபத்து என்கிற அவசர நிலை தவிர மற்ற நேரத்தில், "ரத்த ஓட்டம் பார்த்தாச்சா டாக்டர்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். ரத்தம் வராத இடத்தில் விரலை எடுத்தால், எடுத்த இடமே அடுத்த ஆறாத புண்ணாகி, பிறகு பாதம், பிறகு முழங்கால் என்று மேலே போகும். பலூன் வைத்தோ பைபாஸ் செய்தோ அடைப்பைச் சரிசெய்துவிட்டு எடுத்தால் விரலோடு நின்றுவிட வாய்ப்பு அதிகம். படிக்காதவர்கள் கேள்வி கேட்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. இந்தக் கேள்வியைத் தயங்காமல் கேளுங்கள்.

கட்டு மாற்றுவது

எத்தனை நாளைக்கு ஒருமுறை, எந்த மருந்து என்பதை மருத்துவமனையில் சொல்லி அனுப்பியிருப்பார்கள். அதை எப்படிச் செய்வது என்று இங்கே சொல்கிறேன்.

வாங்கி வைக்க வேண்டியவை: 100 மில்லி நார்மல் சலைன் பாட்டில்கள், ஸ்டெரைல் காஸ், பாராஃபின் தடவிய ஒட்டாத காஸ், ரோலர் பேண்டேஜ், பேப்பர் பிளாஸ்டர், கையுறை. பெரிய சலைன் பாட்டில் வாங்கினால் திறந்த மறுநாள் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும், அதனால் சின்னதே சிக்கனம். பஞ்சைப் புண்ணின் மேல் நேராக வைக்காதீர்கள், நார் உள்ளே ஒட்டிக்கொள்ளும்.

நல்ல வெளிச்சத்தில் உட்கார வைத்து ஃபேனை நிறுத்துங்கள். வலி மாத்திரை எழுதிக்கொடுத்திருந்தால் அரைமணி நேரம் முன்னாலேயே கொடுத்துவிடுங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவிக் கையுறை மாட்டிக்கொண்டு பழைய கட்டைப் பிரியுங்கள். ஒட்டியிருந்தால் இழுக்கக் கூடாது. சலைன் ஊற்றிப் பத்து நிமிடம் பொறுத்தால் தானே விடும். இந்தப் பொறுமையைத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். ஒருமுறை பிய்த்து எடுத்தால் ஒரு வாரமாக வளர்ந்த புதுத் தோல் அதோடு வந்துவிடும்.

எடுத்த கட்டை உடனே சுருட்டிப் போட்டுவிடாதீர்கள். எவ்வளவு நனைந்திருக்கிறது, என்ன நிறம், நாற்றம் உண்டா என்று பாருங்கள். பிறகு கையுறையை மாற்றிக்கொண்டு, சலைனைப் புண்ணின் மேலிருந்து மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். தேய்க்க வேண்டாம். சுற்றியுள்ள தோலையும் விரல் இடுக்கையும் காஸால் ஒற்றி எடுங்கள். இடுக்கில் ஈரம் நின்றால் சேற்றுப்புண் வந்து அதுவும் ஒரு புதுப் புண்ணாகும்.

இப்போது புண்ணைப் பாருங்கள். சிவப்பாக, சின்னச் சின்ன மணி மணியாக இருந்தால் சதை வளர்கிறது. மஞ்சளாகப் படிந்திருப்பது செத்த திசு. அதை மருத்துவமனையில்தான் எடுக்க வேண்டும், வீட்டில் பிளேடாலோ நகத்தாலோ சுரண்டக் கூடாது. பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து, வாரம் ஒருமுறை, ஒரே கோணத்தில் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். தினமும் பார்க்கிற கண்ணுக்கு மாற்றம் தெரியாது, படம் காட்டிக்கொடுக்கும். சர்க்கரைப் புண் நல்ல சிகிச்சையில் நான்கு வாரத்தில் பாதி அளவுக்காவது சுருங்கியிருக்க வேண்டும். சுருங்கவில்லை என்றால் அந்தப் படங்களோடு மறுபடி போய் ரத்த ஓட்டத்திலிருந்து எல்லாவற்றையும் திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒட்டாத காஸைப் புண்ணின் அளவுக்கு வெட்டி வைத்து, அதன் மேல் சாதாரண காஸ். விரல் புண்ணாக இருந்தால் இரண்டு விரல் உரசாமல் இடையில் மடித்த காஸ் துண்டு ஒன்று. ரோலர் பேண்டேஜை இழுக்காமல், சும்மா உருட்டிக்கொண்டு வருகிற மாதிரி சுற்றுங்கள். சுற்றிய பிறகு உள்ளே ஒரு விரல் தாராளமாக நுழைய வேண்டும். விரல் நுனிகள் வெளியே தெரிய வேண்டும். பிளாஸ்டரைத் தோலில் ஒட்டாமல் பேண்டேஜின் மேலேயே ஒட்டுங்கள், காலை வளைத்து முழுச் சுற்றாக ஒட்டவே கூடாது. அரைமணி கழித்து விரல் நுனியைப் பாருங்கள்: நீலம் பாய்ந்தாலோ, சில்லிட்டாலோ, வலி கூடியதென்று சொன்னாலோ உடனே அவிழ்த்துத் தளர்த்திக் கட்டுங்கள்.

குளிக்கும்போது காலில் பிளாஸ்டிக் கவரை மாட்டி ரப்பர் பேண்ட் போடுவார்கள். அந்த ரப்பர் பேண்ட் வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து, புண் உள்ள காலை வேறொரு ஸ்டூலில் ஈரம் படாமல் வைத்துக்கொண்டு குளிக்கலாம். கணுக்காலில் திருஷ்டிக்குக் கட்டிய கருப்புக் கயிறு, இறுகிப்போன மெட்டி, கொலுசு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். கால் வீங்கும்போது அவை அப்படியே பதிந்துவிடும். அப்பத்தா மெட்டியைக் கழற்ற மாட்டேன் என்றால் கோபப்படாமல், புண் ஆறும்வரை சாமி படத்தின் முன் வைத்திருப்போம் என்று சொல்லுங்கள்.

கருத்துப்போன விரல்

விரல் நுனி கருத்து, சுருங்கி, காய்ந்து, நாற்றமில்லாமல் இருந்தால் அது காய்ந்த அழுகல். இதைக் காயவே விட வேண்டும். ஊறவைக்கக் கூடாது, ஈரக்கட்டுப் போடக் கூடாது, பொருக்கைப் பெயர்க்கக் கூடாது. மருத்துவர் சொன்னால் பெட்டாடின் தடவிக் காய்ந்த காஸ் சுற்றி வைக்கலாம். இதற்கு நேர்மாறாக, கருத்த இடம் ஈரமாகி, வீங்கி, நாற்றம் எடுத்தால் அது ஈர அழுகல். அன்றைக்கே ஆஸ்பத்திரி, நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

போடக் கூடாதவை

ஹைட்ரஜன் பெராக்சைடு, ஸ்பிரிட், கலக்காத டெட்டால், மஞ்சள் தூள், காப்பித்தூள், சாம்பல், டூத்பேஸ்ட், இன்ஜின் ஆயில். புழு வைத்துவிட்டது என்று மண்ணெண்ணெய் ஊற்றுவதும் உண்டு. அதற்கு ஆஸ்பத்திரியில் முறையான வழி இருக்கிறது, அங்கே போங்கள். கால் ஆணி பிளாஸ்டரில் தோலை அரிக்கும் அமிலம் இருக்கிறது, ரத்த ஓட்டம் குறைந்த காலில் அது நல்ல தோலையும் ஓட்டை போடும். மத்தன் தைலம் பற்றிப் பலர் கேட்கிறார்கள். படித்த சித்த மருத்துவரிடம் காட்டி அவர் மேற்பார்வையில் என்றால் அது வேறு விஷயம். யாரோ கொடுத்த பாட்டிலை நாமே ஊற்றிக் கட்டிவைத்து, அடைப்பைப் பார்க்காமல் மாதங்களை விடுவதுதான் ஆபத்து.

சில்லிட்ட காலைச் சூடுபடுத்த வெந்நீர் ஒத்தடமோ ஹீட்டிங் பேடோ வைக்காதீர்கள். மரத்த காலுக்குச் சுடுவது தெரியாது, கொப்புளம்தான் மிஞ்சும். தளர்வான பருத்தி சாக்ஸும் போர்வையும் போதும்.

படுக்கை, பீடி, சாப்பாடு

பாயில் படுப்பவர்களுக்குக் குதிகால் தரையில் அழுந்திப் புண் வரும். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகாலை அந்தரத்தில் நிறுத்துங்கள். தமனி அடைப்பு உள்ளவர்கள் காலை நெஞ்சுக்கு மேலே உயர்த்திப் படுக்க வேண்டாம். ராத்திரி வலி இருந்தால் கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு ஒவ்வொரு செங்கல் வைத்து நான்கு அங்குலம் உயர்த்திப் பாருங்கள். மரத்த காலை ராத்திரி எலி கடித்தாலும் தெரியாது. குடிசையிலும் ஓட்டு வீட்டிலும் கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகிப் படுப்பது நல்லது.

பீடி, சிகரெட், வெற்றிலையோடு போடும் புகையிலை மூன்றையும் நிறுத்த வேண்டும். "குறைத்துவிட்டேன்" என்பது இங்கே உதவாது. நாற்பது வயதுகூட ஆகாத, சர்க்கரையே இல்லாத ஆண்களுக்குப் பீடியால் மட்டுமே விரல் ஒவ்வொன்றாகக் கருக்கும் பர்ஜர் நோய் என்று ஒன்று உண்டு. நிறுத்தினால் அது பெரும்பாலும் நின்றுவிடும், தொடர்ந்தால் நிற்கவே நிற்காது. திட்டி நிறுத்தவைக்க முடியாது. பெரிய ஆஸ்பத்திரியிலேயே புகை நிறுத்த ஆலோசனை எங்கே கிடைக்கும் என்று கேட்டுக் கூட்டிப் போங்கள்.

புண் ஆறப் புரதம் வேண்டும். புண் இருந்தால் முட்டை, மீன் ஆகாது என்று பத்தியம் வைப்பதை விட்டுவிடுங்கள். முட்டை, மீன், பருப்பு, சுண்டல் தினமும் இருக்கட்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் அளவை மருத்துவரிடம் கேளுங்கள். ஆஸ்பிரின், கொழுப்பு மாத்திரை எழுதியிருந்தால் புண் ஆறியதும் நிறுத்திவிடாதீர்கள், அவை புண்ணுக்காகக் கொடுத்தவை இல்லை, குழாய்க்காகவும் இதயத்துக்காகவும் கொடுத்தவை.

உடனே கிளம்ப வேண்டிய நேரம்

கால் திடீரென்று வெளுத்து, சில்லிட்டு, தாங்க முடியாமல் வலித்து, மரத்து, விரலை அசைக்க முடியாமல் போனால் ரத்தக்கட்டி அடைத்திருக்கலாம். ஏறக்குறைய 6 மணி நேரத்துக்குள் சரிசெய்தால்தான் கால் தப்பும். 108-ஐக் கூப்பிடுங்கள், தைலம் தேய்த்துக்கொண்டு விடியும்வரை காத்திருக்காதீர்கள். புண்ணைச் சுற்றிச் சிவப்பு இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் பரவினாலோ, சீழ், நாற்றம், புதுக் கருப்பு, குளிர் காய்ச்சல், காரணமில்லாமல் ஏறும் சர்க்கரை என்று எதைப் பார்த்தாலும் அன்றைக்கே போங்கள். வயதானவர்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் உள்ளே சீழ் பிடித்திருந்தும் காய்ச்சல் வராமல் இருக்கலாம்.

மற்றக் கால்

ஒரு காலில் அடைப்பு என்றால் மற்றதிலும் இருக்க வாய்ப்பு அதிகம். கட்டு மாற்றும் நேரத்திலேயே அந்தக் காலையும் விரல் விரலாகப் பாருங்கள். உள்ளங்கால் தெரியாவிட்டால் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம். பித்தவெடிப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாம், விரல் இடுக்கில் மட்டும் வேண்டாம். நகத்தை நேராக வெட்டுங்கள், ஓரத்தைத் தோண்டாதீர்கள்.

நம் பக்கத்துக்கென்று சில ஆபத்துகள் இருக்கின்றன. சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு வந்துவிடும். மரத்த காலில் ஏறினால் சீழ் வைத்த பிறகுதான் தெரியும். காட்டு வேலைக்குப் போகிறவர்கள் கனமான அடிப்பாகம் உள்ள செருப்பையோ ஷூவையோ போட வேண்டும், மாட்டுவதற்கு முன் உள்ளே கைவிட்டுப் பார்க்க வேண்டும். முள் தைத்தால் டெட்டனஸ் ஊசியைக் கேளுங்கள். சித்திரைத் திருவிழா வெயிலில் தார்ச்சாலையிலும் கோயில் பிராகாரக் கல்லிலும் வெறுங்காலோடு நடந்து உள்ளங்கால் முழுக்கக் கொப்புளித்துப் போவது வருடா வருடம் நடக்கிறது. மீனாட்சியைப் பார்க்க விடிகாலையிலோ இருட்டிய பிறகோ போகலாம். பழனிப் பாதயாத்திரையை ரத்த ஓட்டம் சரியாகும்வரை தள்ளிப்போடச் சொல்லுங்கள், நேர்த்திக்கடன் காத்திருக்கும். புண் ஆறிய பிறகு எம்.சி.ஆர். என்னும் மெத்தென்ற ரப்பர் வைத்த செருப்பு, பின்பக்கம் பட்டை வைத்தது, வீட்டுக்குள் ஒன்று வெளியே ஒன்று என்று இரண்டு ஜோடி வாங்குங்கள். வாங்கும்போது மாலையில் போங்கள். அப்போதுதான் கால் வீங்கியிருக்கும், அளவு சரியாக அமையும்.